துயருற்றோர் அருகில் அமர்தல்

(ஞாயிறு தம்ம வகுப்புகளில் கூடிப் படித்தற்குரிய பாடம்)



ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அண்டை வீட்டார் கூடுகின்றனர். அடுப்பு மூட்டாத அவ்வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொணர்கின்றனர். ஒரு தேசம் முழுவதுமே சாவு வீடாகிவிட்டால் யார் வருவர்? யார் கஞ்சி காய்ச்சுவர்? வந்தவர் என்ன மொழி கூறுவர்? நம்மிடையே எளிதில் வாயில் வரும் மொழிகள் இரண்டு உண்டு. ஒன்று "விதி", மற்றொன்று "முன்வினை". பௌத்தர் என்று தம்மைக் கூறிக்கொள்வோருள்ளும் சிலர், "எல்லாம் கர்மம்" என்று கூறிவிட்டு, பெரியதோர் உண்மையை உரைத்துவிட்டதாக எண்ணி வீடு திரும்புகின்றனர். பிள்ளையை இழந்த தாயின் முன் நின்று இங்ஙனம் கூறுதல் தம்மமாகுமா? ஆகாதெனின், வேறு யாது செய்தல் தகும்? இவ்வினாவையே இன்றைய பாடமாகக் கொள்வோம். இதற்கு விடை காண, பௌத்தம் வேரூன்றிய ஒரு நாட்டில் நிகழ்ந்த பெருந்துயரையும், அதன் பின்னர் அந்நாட்டுப் பௌத்த குருமார் சிலர் கற்றுக்கொண்ட பாடத்தையும் ஆராய்வோமாக.

நிகழ்ந்தது யாது?

2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு, ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கப்பால் கடலடியில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. அதன் அளவு 9.0. ஜப்பானில் கருவிகொண்டு அளக்கத் தொடங்கிய நாள்முதல் இதனினும் பெரிய பூகம்பம் அங்கு பதிவானதில்லை. ஒரு மணி நேரம் கழிவதற்குள் கடல் எழுந்து தோஹோக்கு என்னும் அவ்வட்டாரத்தின் கரையோர ஊர்களின் மேல் வீழ்ந்தது. ஏறத்தாழ 15,900 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. வீடிழந்தும் வீட்டைவிட்டு வெளியேறியும் அகதிகளானோர் 4,70,000 பேர் வரை இருந்தனர். ஃபுகுஷிமா அணுமின் நிலையமும் பழுதுற்றுக் கதிரியக்கம் வெளிப்பட்டமையால், 1,60,000-க்கும் மேற்பட்டோர் தம் மண்ணைத் துறக்க நேர்ந்தது.

உலகின் பல நாடுகள் உதவிக்கு ஓடின. நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் 46 பேர் மியாகி மாகாணத்து ஓனகாவா என்னும் ஊருக்குச் சென்று, இடிபாடுகளிடையே இறந்தோர் உடல்களைத் தேடும் பணியில் ஈடுபட்டனர். உணவு, போர்வை, மருந்து, கூடாரம் யாவும் வந்து சேர்ந்தன. ஆயினும் வயிறு நிறைந்த பின்னரும் நிறையாத ஓரிடம் மனிதனுக்குள் உண்டன்றோ! அவ்விடத்தைப் பற்றியே நம் பாடம்.

முதற் பிழை: காரணம் கற்பித்தல்

பேரிடர் நிகழ்ந்த மூன்றாம் நாள், டோக்கியோ மாநகரின் ஆளுநராயிருந்த இஷிஹாரா ஷிந்தாரோ என்பவர், மக்களின் பேராசைக்கு வானம் அளித்த தண்டனையே இக்கடற்கோள் என்னும் கருத்துப்படப் பேசினார். நாடு கொதித்தது. மறுநாளே அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இத்தகைய பேச்சு நம் நாட்டுக்கும் புதிதன்று. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரிலும் நேபாளத்திலும் நேர்ந்த பூகம்பத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது தமிழ் நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியார் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையே அப்பூகம்பம் என்றார். தீண்டாமையை ஒழிக்க வேண்டுமென்னும் ஆர்வத்தால் அவர் அங்ஙனம் கூறினார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கவியரசர் தாகூர் அதனை ஏற்றிலர். தீண்டாமை கொடிது என்பதில் தாமும் உடன்படுவதாகவும், ஆனால் இயற்கையின் நிகழ்ச்சியை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சிடுதல் அறிவுக்குப் பொருந்தாதெனவும் அவர் எழுதினார்.

நாம் இன்னும் ஒரு படி மேற்சென்று வினவுவோம். பீகாரில் சுவர் இடிந்து மாண்டவருள் தீண்டாமையால் ஒடுக்கப்பட்ட ஏழைகளும் இருந்தனரன்றோ? பாவம் செய்தவன் ஒருவன், தண்டனை பெற்றவன் வேறொருவனா? அடித்தவனைவிட்டு அடிபட்டவனையே மீண்டும் அடிக்கும் நீதி எவ்வகை நீதி?

"முன்வினை" என்னும் சொல்லை நாம் மிகவும் எச்சரிக்கையோடு ஆளவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. அச்சொல் பல நூற்றாண்டுகளாக நம் முன்னோரின் முதுகின் மேல் சுமத்தப்பட்ட கல். சேரியில் பிறந்தது முன்வினை, பசித்திருப்பது முன்வினை, கிணற்றில் நீர் மொள்ளக் கூடாதென்பதும் முன்வினை என்று கூறி வாயடைத்தனர். இன்றைய வறுமைக்கும் இழிவுக்கும் முற்பிறப்பின் வினையே காரணம் என்னும் கொள்கையைப் பாபாசாகேப் அம்பேத்கர் தம் பௌத்த நூலில் மறுத்துரைத்தார். அக்கல்லை நம் முதுகினின்றும் இறக்கி வைத்த நாம், அதனையே எடுத்து வேறொரு துயருற்றவன் முதுகில் ஏற்றுதல் தகுமா?

பகவன் புத்தர் இதனைப் பற்றி யாது கூறினார்? சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகனோடு அவர் நிகழ்த்திய உரையாடல் ஒன்று உள்ளது. (மருத்துவரான ஜீவகர் வேறு, இவன் வேறு.) மனிதன் நுகரும் இன்பம் துன்பம் அனைத்தும் முன்செய்த வினையின் பயனே எனச் சிலர் கூறுகின்றனரே, தாங்கள் யாது கூறுகின்றீர்கள் என்று அவன் வினவினான். ததாகதர் அக்கூற்றை ஏற்கவில்லை. பித்தத்தால் துன்பம் வருகின்றது, சிலேத்துமத்தால் வருகின்றது, வாதத்தால் வருகின்றது, இம்மூன்றும் கூடுவதால் வருகின்றது, பருவ மாற்றத்தால் வருகின்றது, உடலைப் பேணாத கவனக்குறைவால் வருகின்றது, பிறர் தாக்குவதால் வருகின்றது, வினைப்பயனாலும் வருகின்றது என எட்டுக் காரணங்களை அவர் எடுத்துக் காட்டினார். அனைத்துக்கும் முன்வினையே காரணமென்போர், தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்பது அவர் முடிவு.

எட்டில் ஒன்றையே வினைப்பயன் என வைத்தமை காண்க. நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று நழுவுவதால் பூகம்பம் உண்டாகின்றது. கடலடி உயர்வதால் அலை எழுகின்றது. அவ்வலை நல்லவன் வீடு, தீயவன் வீடு என்று பார்த்து நுழைவதில்லை. ஆதலின் துயருற்றோர்பால் நாம் செய்யத்தக்க முதற் கருணை யாதெனின், அவர் துயருக்குக் காரணம் கற்பியாதிருத்தலே.

சொல்லிழந்த குருமார்

இனி, காரணம் கூறாவிடின் வேறென் கூறுவது? இவ்வினா மியாகி மாகாணத்தில் குரிஹாரா என்னும் ஊரில் ஒரு ஸென் ஆலயத்தின் தலைமைக் குருவாக விளங்கிய கனேதா தையோ என்பவர் முன் நின்றது.

குரிஹாரா கடலுக்கு அப்பால் உள்நாட்டில் அமைந்தது. கரையோரத்துச் சுடுகாட்டு நிலையங்கள் பாழாகவே, இறந்தோர் உடல்கள் இவ்வூருக்குக் கொணரப்பட்டன. கனேதாவும் அவருடைய தோழர்களான குருமாரும் அங்குச் சென்று ஊதியமின்றி இறுதிச் சடங்குகளை நடத்தினர். முதன்முதல் வந்த உடல்களுள் பள்ளிச் சிறுமியர் இருவருடையவையும் இருந்தன. ஆயிரம் முறை ஓதிப் பழகிய சூத்திரத்தை அன்று ஓதுகையில் அவர் குரல் நடுங்கிற்று.

இறந்த நாற்பத்தொன்பதாம் நாளை ஜப்பானியப் பௌத்தர் சிறப்பாகக் கொள்வர். அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அது வந்தது. அன்று கனேதாவும் வேறு சில குருமாரும் ஒரு கிறிஸ்தவப் போதகரும் கூடி, கடலால் அழிந்த மினாமி சான்ரிக்கு என்னும் ஊரின் வழியே கடற்கரை நோக்கி ஓதிக்கொண்டே நடந்தனர். எங்கும் சேறு, எங்கும் நாற்றம், சேற்றினடியில் இன்னும் எத்தனை உடல்களோ! ஓதும் குரல் ஓதலாக நிற்கவில்லை, அழுகையாக மாறிற்று. கிறிஸ்தவப் போதகருக்கோ எந்தப் பாட்டைப் பாடுவதென்றே தோன்றவில்லை. கற்ற கல்வி, பெற்ற பட்டம், பயின்ற கோட்பாடு யாவும் அந்தச் சேற்றின் முன் பயன்படாது போனதாகக் கனேதா பின்னர்ப் பலரிடம் கூறியுள்ளார்.

அன்பர்களே! இதனைத் தோல்வி எனக் கருதற்க. சொல்லிழந்த அந்நாளே அவர்களுக்குப் போதனை நாளாயிற்று. விடை கூற வந்தவர் விடையின்றி நின்றபோதுதான், துயருற்றவர் நிற்கும் இடத்திலேயே தாமும் நிற்கத் தொடங்கினர்.

முறையீட்டைக் கேட்கும் தேநீர்க் கடை

வீடிழந்தோரை அரசாங்கத்தார் வரிசை வரிசையாகக் கட்டிய தற்காலிக வீடுகளில் குடியேற்றினர். பழைய அண்டை அயலார் வெவ்வேறிடங்களில் சிதறினர். சுவருக்கப்பால் இருப்பவர் யாரென்று அறியாத வாழ்வு. தனித்து வாழும் முதியோர் தனித்தே மாண்டு, பல நாள் கழித்து அறியப்படும் கொடுமைக்கு ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே உண்டு. 1995-ஆம் ஆண்டு கோபே நகரத்துப் பூகம்பத்தின் பின்னரும் அத்துயர் நிகழ்ந்திருந்தது. அது மீண்டும் நிகழலாகாதென்று கருதிய கனேதா, ஒரு சிறு பார வண்டியில் நாற்காலிகளும் தேநீரும் காப்பியும் இனிப்புப் பண்டமும் ஏற்றிக்கொண்டு, தற்காலிகக் குடியிருப்புகளின் பொதுக் கூடங்களுக்குச் செல்லலானார். அதற்கு அவர் இட்ட பெயர் "கஃபே த மோங்கு". ஜப்பானிய மொழியில் மோங்கு என்பது முறையீடு, முணுமுணுப்பு என்னும் பொருளது. ஆங்கிலத்தில் அவ்வொலியே துறவியைக் குறிக்கும். அவர் விரும்பிக் கேட்கும் அமெரிக்க இசைவாணர் ஒருவரின் பெயரும் அதுவே. அக்கடையில் அவர் இசையே மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும்.

அங்கு உபதேசம் இல்லை. மதம் பரப்புதலும் இல்லை. வந்தவர் அமரலாம், தேநீர் அருந்தலாம், பேசலாம், பேசாதும் இருக்கலாம். குருமார் கேட்டுக்கொண்டிருப்பர். மேசையின் மேல் நிறம் நிறமான மணிகளும் நூலும் இருக்கும். விரும்பியவர் தம் கையாலேயே செபமாலை கோத்துக்கொள்வர். களிமண்ணும் இருக்கும். ஜிஜோ என்பவர் குழந்தைகளைக் காக்கும் போதிசத்துவராக அந்நாட்டார் போற்றுபவர். அவருடைய சிறு உருவத்தைப் பிள்ளையை இழந்தவர் உள்ளங்கையில் வைத்துப் பிடித்துச் செய்வர். கை மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கும். வாய் தானே திறக்கும். பல திங்களாக எவரிடமும் கூறாததை அப்பொழுது கூறுவர்.

காப்பியும் மணியும் களிமண்ணும் எம்மட்டு என்று சிலர் நகைக்கலாம். பெருந்துயருற்றவனை நோக்கி "உன் துயரைச் சொல்" என்று கட்டளையிட்டால் அவன் வாய் மூடிக்கொள்வான். அவன் கைக்கு ஒரு சிறு வேலையும், அருகில் அவசரப்படாத ஒரு மனிதனும் இருந்தால், துயர் தன் நேரத்தில் தானே வெளிவரும். இதுவே கேட்டல் என்னும் கலை.

தோஹோக்குவின் நத்தோரி நகரில், இல்லத்திலேயே மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளுக்குப் பணி செய்துவந்த மருத்துவர் ஒகாபே தாக்கேஷி என்பவர், இப்பணி ஓரிருவரோடு முடிந்துவிடலாகாதென எண்ணினார். அவரும் அப்பொழுது புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்தார். சாவின் கரையில் நிற்பவருக்கு மருத்துவர் மட்டும் போதார் என்பதைத் தம் உடலிலேயே அறிந்த அவருடைய முயற்சியும் சேர்ந்து, 2012-ஆம் ஆண்டு சென்டாய் நகரிலுள்ள தோஹோக்குப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு பயிற்சி தொடங்கப்பட்டது. பௌத்தர், கிறிஸ்தவர், ஷிந்தோ மதத்தவர் ஆகிய பல மதக் குருமாரும் ஒன்றாய் அமர்ந்து, துயருற்றோர் சொல்லைக் கேட்கும் முறையைப் பயில்கின்றனர். தம் மதத்தைத் திணிக்கலாகாது என்பது அங்கு முதல் விதி. அப்பயிற்சி தொடங்கிய ஆண்டிலேயே ஒகாபே மறைந்தார். அவர் நட்ட விதை மறையவில்லை.

கேட்க எவருமில்லாத பேச்சு

இவ்வட்டாரத்து ஓட்சுச்சி என்னும் கடலோரச் சிற்றூரில் சசாக்கி இத்தாரு என்பவர் 2010-ஆம் ஆண்டு நோயால் இறந்த தம் உறவினரின் நினைவாகத் தம் தோட்டத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டை நிறுவினார். அதனுள் பழைய கருநிறத் தொலைபேசி ஒன்றுண்டு. அதற்குக் கம்பி இணைப்பு இல்லை. அதனைக் காதில் வைத்து, இறந்தவரோடு பேசுவதுபோல் அவர் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு கடற்கோளில் அவ்வூர் பேரழிவுற்றது. சசாக்கி அக்கூண்டைப் பிறருக்கும் திறந்துவிட்டார். கணவனை இழந்தவர், மகளை இழந்தவர், உடலும் கிடைக்காதவர் எனப் பல்லாயிரவர் வந்து பேசிச் சென்றனர். அதனைக் காற்றின் தொலைபேசி என்று அழைக்கின்றனர்.

மறுமுனையில் எவருமில்லை என்பதை அங்கு வருவோர் நன்கறிவர். ஆயினும் "உண்டாயா? குளிரில்லாமல் இருக்கின்றாயா?" என்பன போன்ற சொற்கள் நெஞ்சில் தங்கிக் கிடக்கின்றன, அவை வெளிவர ஓரிடம் வேண்டும். உயிரற்ற ஒரு தொலைபேசியே இத்துணை ஆறுதல் தருமாயின், உயிருள்ள நாம் செவி தந்தால் எத்துணை ஆறுதல் விளையும்!

படாசாரையின் சரிதம்

நம் நூல்களில் இதற்கு ஒப்பான சரிதம் உண்டு. சாவத்தி நகரத்துச் செல்வக் குடியில் பிறந்த படாசாரை, கணவன் பாம்பு தீண்டி மாளவும், கைக்குழந்தையைப் பருந்து கவரவும், மூத்த மகனை ஆற்று வெள்ளம் அடித்துச் செல்லவும் கண்டாள். பிறந்த வீட்டையேனும் அடைவோம் என்று வந்தவளுக்கு, முன்னிரவு பெய்த பெருமழையில் அவ்வீடு இடிந்து தாயும் தந்தையும் உடன்பிறந்தானும் ஒரே சிதையில் எரிகின்றனர் என்னும் செய்தி கிடைத்தது. அறிவு கலங்கினாள், ஆடை நழுவியதும் உணராது அலைந்தாள். ஊரார் அவள் மேல் குப்பையையும் மண்ணாங்கட்டியையும் வீசினர். பகவன் தம்மம் உரைத்துக்கொண்டிருந்த ஜேதவனத்துள் அவள் நுழைய முயன்றபோது, பித்தியை உள்ளே விடாதீர் என்று சிலர் தடுத்தனர்.

பகவன் யாது செய்தார்? தடுக்காதீர், வரவிடுங்கள் என்றார். சிதறிய அவள் நினைவை மீட்கும்படி அன்போடு அழைத்தார். அவள் தன்னிலை உணர்ந்து நாணிக் குந்தியபோது, கூட்டத்தில் ஒருவன் தன் மேலாடையை அவள் மேல் எறிந்தான். பிறகே அவள் தன் துயரைக் கூறினாள். கூறி முடியும்வரை அவர் கேட்டார். அதன் பின்னரே உபதேசம் நிகழ்ந்தது.

வரிசையைக் காண்க: முதலில் வழிவிடுதல், அடுத்து ஆடை, அடுத்துச் செவி, கடைசியில் தம்மம். நாமோ பல சமயங்களில் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றோம்.

சரிதம் அங்கு முடியவில்லை. பிக்குணியான படாசாரை பிற்காலத்தில் பெரும் ஆசிரியையானாள். பிள்ளைகளை இழந்த தாய்மார் பலர் அவளை நாடி வந்து ஆறுதல் பெற்றனர் என்று தேரீ காதை கூறுகின்றது. ஒருநாள் கல்லெறிபட்ட பித்தி, பின்னர் நூற்றுக்கணக்கான தாய்மாருக்கு நிழலானாள்.

நம்பிக்கை எங்கிருந்து பிறக்கின்றது?

இதிலேயே நம் இரண்டாம் வினாவுக்கு விடை அடங்கியுள்ளது. பேரிழப்புக்குப் பின் மனிதனுக்கு நம்பிக்கை எங்கிருந்து வருகின்றது? "எல்லாம் சரியாகிவிடும்" என்று பிறர் கூறுவதால் வருவதில்லை; மாண்டவர் மீள்வதில்லையன்றோ! தன் துயரைக் கேட்க ஒருவன் உளன் என்பதில் அது முளைக்கின்றது. தானும் இன்னொருவனுக்குப் பயன்படுவேன் என்று அறிவதில் வளர்கின்றது.

1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் கோபே நகரத்துப் பூகம்பத்தில் 6,434 பேர் மாண்டனர். அவ்வோராண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜப்பானின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் தாமே முன்வந்து அங்குச் சென்று தொண்டு செய்தனர். தன்னார்வத் தொண்டின் முதலாண்டு என்றே அவ்வாண்டை அந்நாட்டார் வழங்குகின்றனர். பதினாறு ஆண்டுகள் கழித்துத் தோஹோக்கு அழிந்தபோது, கோபே நகரத்தாரும் அந்நகர் அடங்கிய ஹியோகோ மாகாணத்தாரும் முன்னின்று உதவிக்கு வந்தனர். தற்காலிக வீட்டில் குளிர் எப்படியிருக்கும், எந்தச் சொல் சுடும், எந்த உதவி தேவை என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் பட்ட துன்பமே அவர்களுக்கு ஆசானாயிருந்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். புத்தகோசர் தம் விசுத்தி மார்க்கத்தில், கருணைக்குத் தொலைவிலுள்ள பகை கொடுமை எனவும், அருகிலுள்ள பகை துயரில் தானும் மூழ்குதல் எனவும் பிரித்துக் காட்டினார். வெள்ளத்தில் தத்தளிப்பவனைக் காப்பாற்றக் குதித்தவன் தானும் மூழ்கினால் இருவர் மாள்வர். உடன் அழுதல் குற்றமன்று, கனேதாவும் அழுதார். அழுத பின் மறுநாள் தேநீர்க் கலத்தோடு மீண்டும் வந்தாரே, அதுவே கருணை.

தீட்டு என்னும் பழம் பகை

பேரிடர் மனிதரின் நற்குணத்தை மட்டும் வெளிப்படுத்துவதில்லை. ஃபுகுஷிமாவிலிருந்து குடிபெயர்ந்தோரைச் சில இடங்களில் மக்கள் அருவருத்தனர். கதிரியக்கம் காய்ச்சலைப்போல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயன்று. எனினும், வேறு மாகாணத்துப் பள்ளியொன்றில் சேர்ந்த ஃபுகுஷிமாச் சிறுவன் ஒருவனை உடன்பயிலும் மாணவர் "கிருமி" என்று அழைத்தும் பணம் பறித்தும் துன்புறுத்தினர். அவன் எழுதிய குறிப்பு 2016-ஆம் ஆண்டு வெளியானபோது நாடே நாணிற்று. பலமுறை சாக எண்ணியதாகவும், ஆனால் அப்பேரிடரில் அத்தனை பேர் மாண்டுவிட்டமையால், துன்பமாயினும் தான் வாழ்வதென்று உறுதி பூண்டதாகவும் அச்சிறுவன் அதில் எழுதியிருந்தான். மூத்தோர் கைவிட்ட இடத்தில் நம்பிக்கையைத் தன் கையாலேயே பற்றிக்கொண்டான் அப்பிள்ளை.

"கிருமி" என்னும் அச்சொல் நம் செவிக்குப் புதிதா? நம் கிழக்குக் கரையும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடற்கோளைக் கண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரின் நடுவிலும், நிவாரண முகாம்களில் ஒடுக்கப்பட்டோர் ஒதுக்கப்பட்டனர். தங்குமிடத்திலும் குடிநீரிலும் வேற்றுமை காட்டப்பட்டது என்று ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். கடல் சாதி பாராது கொன்றது. மனிதன் சாதி பார்த்து நீர் வார்த்தான்! ஆதலின் கோடு கிழித்துக் காட்டும் இரக்கத்தை நாம் மைத்திரி என்று ஒப்புக்கொள்ளலாகாது. தீட்டின் துன்பத்தை மரபு மரபாய் அறிந்த நாம், வேறெவரையும் அங்ஙனம் ஒதுக்காதிருக்க இரட்டிப்புக் கடமையுடையோம்.

வருவோர்க்குச் செய்யும் அன்பு

அழிவுக்குப் பின் காட்டும் அன்பு, அடுத்த அழிவுக்கு முன் காட்டும் அன்பாகவும் விரிய வேண்டும். மியாக்கோ நகரைச் சார்ந்த அனேயோஷி என்னும் சிற்றூரில் ஒரு கல் நிற்கின்றது. 1933-ஆம் ஆண்டுக் கடற்கோளில் உற்றாரையெல்லாம் இழந்து எஞ்சிய சிலர், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டலாகாது எனப் பின்வருவோர்க்கு அறிவுறுத்தி நாட்டிய கல் அது. 2011-இல் அலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலிருந்த வீடுகள் தப்பின.

கமாயிஷி நகரின் பள்ளிகளில் பேரிடருக்குப் பல ஆண்டுகள் முன்னரே பயிற்சி அளித்து வந்தனர். அன்று உனோசுமாய்ப் பகுதியின் நடுநிலைப் பள்ளி மாணவர், கட்டளைக்குக் காத்திராது மேட்டை நோக்கி ஓடினர். அருகிலிருந்த தொடக்கப்பள்ளிச் சிறுவர் அவர்களைக் கண்டு தாமும் ஓடினர். பெரியவர் சிறியவரின் கைபற்றி அழைத்துச் சென்றனர். முதலில் நின்ற இடமும் போதாதென்று கண்டு இன்னும் மேலே ஏறினர். அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் பிழைத்தனர். சிறியவரின் கையைப் பற்றிய அக்கைகளே கருணை. பற்றும்படி பழக்கிய ஆசிரியரே அதன் வேர்.

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் பின்வருவனவற்றை மனத்தில் இருத்துவோமாக.

முதலாவது: துயர் வீட்டுக்குச் செல்லுங்கால் விதி, முன்வினை, தண்டனை என்னும் சொற்களை வாசலிலேயே விட்டுச் செல்லுதல்.

இரண்டாவது: கையில் ஏதேனும் கொண்டு செல்லுதல். கஞ்சியாயினும் நீராயினும் போர்வையாயினும் நன்று. படாசாரைக்கு ஆடையே முதலில் கிடைத்தது.

மூன்றாவது: அமர்தல். நின்றுகொண்டே ஆறுதல் கூறுவோன் புறப்படத் துடிப்பவன் என்பதைத் துயருற்றோர் அறிவர். பேசினால் கேட்டல், பேசாவிடின் மௌனத்தில் உடனிருத்தல், ஒரே கதையைப் பத்து முறை கூறினும் பத்தாம் முறையும் கேட்டல்.

நான்காவது: மீண்டும் செல்லுதல். பதினாறாம் நாளுக்குப் பின் எவரும் வாராத வீடே மெய்யான சாவு வீடு. மூன்றாம் திங்களிலும், ஓராண்டு நிறைவிலும் கதவைத் தட்டுவோன் உண்மைத் தோழன்.

ஐந்தாவது: துயருற்றவருக்கும் ஒரு தொண்டு தருதல். வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கவோ, விளக்கேற்றவோ, இன்னொரு துயர் வீட்டுக்கு நம்முடன் வரவோ அவரை அழைப்போம். என்றும் வாங்கும் கையாகவே ஒருவரை வைத்திருத்தல் அவரைத் தாழ்த்துவதாகும்.

அன்பர்களே! தேசத்துக்கு வரும் துயரைத் தடுக்கும் ஆற்றல் நம் சிறு சங்கங்களுக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் துயருற்ற ஒருவர் அருகில் ஒரு பாயை விரித்து அமரும் ஆற்றல் நம்முள் மிக எளியவர்க்கும் உண்டு. அதற்குப் பொருள் வேண்டா, பட்டம் வேண்டா, அவசரமற்ற நெஞ்சு ஒன்றே வேண்டும். அந்நெஞ்சை இன்றே பயில்வோமாக.

கூடிப் படிப்போர் சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. மோளிய சீவகனுக்குப் பகவன் எடுத்துக் காட்டிய எட்டுக் காரணங்கள் யாவை? பூகம்பத்தால் வரும் துன்பத்தைப் பற்றி இவற்றினின்று நாம் அறிவது யாது?

2. பீகார்ப் பூகம்பத்தைப் பற்றிக் காந்தியாரும் தாகூரும் கொண்ட கருத்துகளுள் எது தம்மத்துக்கு அணித்து? ஏன்?

3. படாசாரையைப் பகவன் ஏற்றுக்கொண்ட வரிசையை எடுத்துக் கூறுக. நீவிர் கடைசியாகச் சென்ற துயர் வீட்டில் எவ்வரிசையைப் பின்பற்றினீர்?

4. கருணையின் அருகிலுள்ள பகை எது? அதனின்றும் தப்புவது எங்ஙனம்?

5. ஓராண்டுக்கு முன் துயருற்று, இன்று எவரும் நினையாதிருக்கும் குடும்பம் உம் தெருவில் உண்டா? அடுத்த வகுப்புக்குள் அங்குச் செல்பவர் யார்?

எல்லா உயிர்களும் பகையின்றி, அச்சமின்றி, துணையுடன் வாழ்க!

சாது! சாது! சாது!